உரிமத்தின் காலாவதித் தேதி

ஒரு நாட்டில் தனியார் வானொலியும் தொலைக்காட்சியும் எவ்வளவு சுதந்திரமாக இயங்குகின்றன என்று பார்க்க விரும்புகிறவர்கள், பெரும்பாலும் உரிமம் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்பதைத்தான் ஆராய்வார்கள். எந்தக் கட்சிக்கு வேண்டியவர், எந்தத் தொழிலதிபர், யாருடைய சம்பந்தி. அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் தேடுவது, அந்த உரிமம் எந்தத் தேதியோடு முடிகிறது, முடிந்தபின் புதுப்பித்துத் தரும் கையெழுத்து யாருடையது என்ற இரண்டு விவரங்களை. ஒலிபரப்புச் சட்டங்களையும் வழக்குகளையும் பல வருஷமாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. ஒரு நிலையத்தை வழிக்குக் கொண்டுவர அதன் வாசலுக்குப் போலீஸை அனுப்பத் தேவையில்லை. காலாவதித் தேதி வரும்வரை காத்திருந்தால் போதும்.

பத்திரிகை நடத்துகிறவர் அரசிடம் போய் உரிமம் கேட்டு நிற்பதை ஜனநாயக நாடுகள் எப்போதோ கைவிட்டுவிட்டன. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டும் அது ஏன் ஒட்டிக்கொண்டது? இதற்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டு. அதை ஒப்புக்கொள்ளாமல் உரிம முறையைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

மீடியம் வேவில் இரண்டு நிலையங்கள் அடுத்தடுத்த அலைவரிசையில் நெருக்கமாக உட்கார்ந்தால் என்ன ஆகும்? இரண்டுக்கும் இடையே ஒரு கிலோஹெர்ட்ஸ்தான் வித்தியாசம் என்றால், இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு கிலோஹெர்ட்ஸ் விசில் விடாமல் கேட்கும். பாட்டு, செய்தி, பிரசங்கம், எதுவும் காதில் விழாது. இரவில் நிலைமை இன்னும் மோசமாகும். பகலில் சில நூறு கிலோமீட்டரோடு நின்றுவிடும் மீடியம் வேவ், சூரியன் மறைந்ததும் வானில் உயரே இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதனால்தான் பல நிலையங்களின் உரிமத்தில் பகலுக்கு இத்தனை கிலோவாட், இரவுக்கு இத்தனை என்று தனித்தனியாக எழுதியிருக்கும். எஃப்.எம்.மில் விசில் கிடையாது, ஆனால் பலம் கூடிய நிலையம் பலம் குறைந்ததை அப்படியே அமுக்கிவிடும்.

ஆகவே யாராவது ஒருவர் உட்கார்ந்து இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். உரிமம் என்ற தாளின் முதல் பக்கங்களைப் பார்த்தால் இது புரியும். அலைவரிசை, கோபுரம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆன்டெனாவின் உயரம், ட்ரான்ஸ்மிட்டரின் சக்தி, அழைப்புக் குறி. எல்லாமே இயற்பியல். இதில் அரசியலுக்கு இடமே இல்லை என்று தோன்றும். அரசியல் வருவது கடைசியில் இருக்கும் ஒரு வரியில்: இன்ன தேதி வரை செல்லுபடியாகும்.

இடம் ஒதுக்க ஆளே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் டைட்டானிக் மூழ்கிய 1912ஆம் ஆண்டிலேயே ஒரு வானொலிச் சட்டம் வந்தது. அது கப்பல்களின் கம்பியில்லாத் தந்தியை மனதில் வைத்து எழுதப்பட்டது. வணிகத் துறைச் செயலர் உரிமம் தருவார், ஆனால் கேட்டவருக்கு மறுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. 1920களில் பொதுமக்களுக்கான ஒலிபரப்பு தொடங்கியதும், செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே அலைவரிசைகளையும் நேரத்தையும் பங்குபோட்டுச் சமாளித்தார். சிகாகோவில் ஜெனித் நிறுவனத்தின் நிலையத்துக்கு வாரத்துக்கு இரண்டே மணி நேரம் கிடைத்தது, வியாழன் இரவு பத்து மணி முதல் பன்னிரண்டு வரை. அவர்கள் பொறுக்காமல், கனடாவுக்கென்று விட்டுவைத்திருந்த அலைவரிசைக்குத் தாவிவிட்டார்கள். வழக்கு போனது. 1926இல் நீதிமன்றம், ஹூவருக்கு அலைவரிசையைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டது.

அடுத்த சில மாதங்களில் சுமார் 200 புது நிலையங்கள் முளைத்தன. இருந்த அலைவரிசைத் தடங்கள் 96. நிலையங்களோ 700க்கும் மேல். பிடித்த இடத்தில் உட்கார்ந்தார்கள், பக்கத்து நிலையத்தை அமுக்கச் சக்தியைக் கூட்டினார்கள். கடைசியில் நிலையம் நடத்தியவர்களே அரசாங்கத்திடம் போய் ஒரு சட்டம் கொண்டுவாருங்கள் என்று கேட்டார்கள். 1927இல் சட்டம் வந்தது, கூட்டாட்சி வானொலி ஆணையம் என்ற அமைப்பும் வந்தது. அதன் அடிப்படைகள்தான் 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் போய், கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் எனும் இன்றைய எஃப்.சி.சி.யாக நிற்கின்றன.

அந்த 1927 சட்டத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருந்தன. அலைகள் யாருக்கும் சொந்தமில்லை, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே கிடைக்கும் என்பது ஒன்று. தணிக்கை செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்பது இன்னொன்று. ஆனால் புதுப்பிக்கும்போது 'பொதுநலன், வசதி, தேவை' என்ற அளவுகோலால் பார்க்க வேண்டும். பொதுநலன் எது என்று யார் சொல்வது? ஆணையம் சொல்லும். தணிக்கை கூடாது என்ற பூட்டுக்கு, அதே சட்டத்தில் சாவியும் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சாவி முதலில் திரும்பியது ஒரு மோசடிக்காரர்மேல். கான்சாஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டில் ஜான் பிரிங்க்லி என்பவர், ஆட்டின் சுரப்பியை ஆண்களுக்குப் பொருத்தினால் வீரியம் திரும்பும் என்று அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். சொந்தமாக ஒரு வானொலி நிலையமும் வைத்திருந்தார். நேயர்களின் கடிதத்தை வாசித்து, ஆளைப் பார்க்காமலேயே 'இந்த நம்பர் மருந்தை வாங்குங்கள்' என்று சொல்லுவார். மருந்துக்கடைகளிடமிருந்து அவருக்குப் பங்கு போகும். 1930இல் ஆணையம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கடந்தகால நடத்தையைப் பார்ப்பது தணிக்கை ஆகாது என்று 1931இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிரிங்க்லி எல்லை தாண்டி மெக்சிகோவில் பெரிய ட்ரான்ஸ்மிட்டர் வைத்து அங்கிருந்து பேசினார். ஆணையம் செய்ததில் எனக்கு வருத்தமில்லை. நோயாளிகளின் உயிரோடு விளையாடியவர் அவர்.

ஆனால் அதே சாவி உடனே இன்னொரு கதவுக்கும் போனது. லாஸ் ஏஞ்சல்ஸில் ராபர்ட் ஷுலர் என்ற போதகர் தன் தேவாலயத்தின் வானொலியில் நகர அதிகாரிகளையும் நீதிபதிகளையும் பெயர் சொல்லித் தாக்கினார். யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் வசைபாடினார். அருவருப்பான பேச்சு நிறைய. ஊழல் பற்றிய பேச்சும் நிறைய. 1931இல் அவருடைய உரிமம் போனது. அடுத்த வருஷம் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. ஷுலரின் நிலையம் மூடப்பட்ட அதே 1931இல்தான், மினசோட்டாவில் ஏறக்குறைய இதேபோன்ற வெறுப்பையும் ஊழல் குற்றச்சாட்டுகளையும் அச்சிட்ட ஒரு வாரப் பத்திரிகையை மூடியது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 'நியர்' வழக்கு பத்திரிகைச் சுதந்திரத்தின் தூண்களில் ஒன்றாக இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரே நாடு, ஒரே அரசியல் சட்டம், கிட்டத்தட்ட ஒரே பேச்சு. காகிதத்தில் வந்தால் தொட முடியாது, காற்றில் வந்தால் தேதி முடிந்ததும் வாயை மூடிவிடலாம். இந்த இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் படித்த பிறகுதான், உரிமம் முடியும் தேதியை நான் முதலில் தேட ஆரம்பித்தேன்.

இந்தத் தேதியின் பலம் ஆட்சியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். வாட்டர்கேட் விவகாரத்தை வாஷிங்டன் போஸ்ட் தோண்டிக்கொண்டிருந்த 1972 செப்டம்பரில், அதிபர் நிக்சன் தன் அறையில் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பத்திரிகைக்குத் தொலைக்காட்சி நிலையங்கள் இருக்கின்றன, அவற்றைப் புதுப்பித்தாக வேண்டும், அப்போது அவர்களுக்குச் சிக்கல் இருக்கிறது என்ற பொருளில் பேசுகிறார். சில மாதங்களில், போஸ்ட் நிறுவனத்துக்கு ஃபுளோரிடாவில் இருந்த இரண்டு நிலையங்களின் புதுப்பித்தலை எதிர்த்து மனுக்கள் வந்து விழுந்தன. உரிமங்கள் கடைசியில் தப்பின. ஆனாலும் கவனியுங்கள், பத்திரிகையை நேரடியாகத் தொட வழியில்லாத ஓர் அதிபர், அதன் தொலைக்காட்சி வழியாகத் தொடப் பார்த்தார்.

அப்படியானால் புதுப்பித்தலே வேண்டாம், உரிமத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடலாமா? இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல விடாமல் என்னைத் தடுப்பது மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரின் டபிள்யூ.எல்.பி.டி. தொலைக்காட்சி.

அந்த நிலையம் எட்டும் பகுதியில் சுமார் 45 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். நிலையமோ இனப் பிரிவினையை ஆதரித்தது. 1955இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாதாடிய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சியொன்றில் பேச வந்தபோது, 'கேபிள் கோளாறு, வருந்துகிறோம்' என்ற அட்டையைத் திரையில் வைத்தார்கள். கோளாறு எதுவும் இல்லை. ஊர் மக்கள் ஆணையத்திடம் பலமுறை முறையிட்டார்கள். பலனில்லை. பிறகு எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார், ஐக்கிய கிறிஸ்து சபையின் சார்பில் ஒரு காரியம் செய்தார். உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, நிலையம் ஒளிபரப்புவதை உட்கார்ந்து பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னார். யார் பேசினார்கள், எது விடுபட்டது, கறுப்பினத்தவரை எப்படிக் குறிப்பிட்டார்கள், எல்லாம் குறிப்பேட்டில் ஏறியது. 1964இல் புதுப்பித்தல் சமயம் வந்தபோது அந்தக் குறிப்புகளோடு எதிர்மனு போட்டார்கள்.

ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? எதிர்மனு போட நேயர்களுக்கு உரிமையே இல்லை என்றது. அதுவரை அப்படித்தான் நடைமுறை. இடையூறு ஏற்படும் பக்கத்து நிலையமோ நஷ்டப்படும் போட்டி நிறுவனமோ வரலாம், பார்க்கிறவர்கள் வர முடியாது. 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. பின்னாளில் தலைமை நீதிபதியான வாரன் பர்கர்தான் அந்தத் தீர்ப்பை எழுதினார். நேயர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்றார். 1969இல் உரிமமே ரத்தானது. பிறகு லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு தற்காலிகமாக நிலையத்தை ஏற்று நடத்தியது. 1972இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் அதன் பொது மேலாளரானார்.

புதுப்பித்தல் என்ற ஒரு வாசல் இல்லாவிட்டால் ஜாக்சன் மக்களுக்கு நியாயம் கிடைத்திருக்காது. ஆனால் அங்கே நடந்த விதத்தைப் பாருங்கள். புகார் கொடுத்தது மக்கள். ஆதாரம் பகிரங்கமாக இருந்தது. நிலையத்துக்குப் பதில் சொல்ல வாய்ப்பு இருந்தது. முடிவை நீதிமன்றம் எடுத்தது. நிலையத்தால் விமர்சிக்கப்பட்ட ஓர் ஆட்சியாளர் தானே நீதிபதியாக உட்காரவில்லை.

இந்த நூற்றாண்டில் நடந்த மூன்று மறுப்புகளில் அந்தப் பாதுகாப்புகள் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. வெனிசுவேலாவில் 1953 முதல் ஒளிபரப்பிய தனியார் தொலைக்காட்சியான ஆர்.சி.டி.வி., 2002 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் எதிர்த்தரப்புக்குத் துணைபோனது என்று அதிபர் சாவேஸ் குற்றம்சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டை நீதிமன்றத்தில் நிரூபித்துத் தண்டனை வாங்கித் தருவதுதான் முறை. அவர் அதைச் செய்யவில்லை. 2006 டிசம்பரில், உரிமம் நீட்டிக்கப்படாது என்று அறிவித்தார். 2007 மே 27 நள்ளிரவோடு திரை இருண்டது. அதே அலைவரிசையில் அரசுத் தொலைக்காட்சி ஒன்று வந்தது. இதில் கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2015இல் சொன்னது. எட்டு வருஷம் கழித்து.

பிலிப்பைன்ஸில் உரிமத்தைக் கொடுப்பதே நாடாளுமன்றம்தான், 25 வருஷத்துக்கு ஒரு சட்டமாக இயற்றும். ஏ.பி.எஸ்.-சி.பி.என். நிறுவனத்தின் உரிமம் 2020 மே 4இல் முடிந்தது. புதுப்பிக்க விடமாட்டேன் என்று அதிபர் துதெர்தே முன்பே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். கொரோனா ஊரடங்கில் மக்கள் வீட்டுக்குள் முடங்கி, செய்திக்காகத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மறுநாள் மே 5ஆம் தேதி நிறுத்த உத்தரவு வந்தது, அன்றிரவே ஒளிபரப்பு நின்றது. ஜூலையில் நாடாளுமன்றக் குழு 70க்கு 11 என்ற வாக்கில் புதுப்பிக்க மறுத்தது. பேரிடர் நேரத்தில் ஒரு நாட்டின் மிகப்பெரிய ஒளிபரப்பாளரை நிறுத்தியதை எந்தப் பொதுநலனின் பெயரால் நியாயப்படுத்த முடியும்? என்னால் ஏற்க முடியவில்லை. 2022இல் அந்த அலைவரிசை, துதெர்தேவுக்கு நெருக்கமான ஒரு பெரும் செல்வந்தரின் நிறுவனத்துக்குப் போனது.

மூன்றாவது இந்தியாவில். மலையாளச் செய்தித் தொலைக்காட்சியான மீடியாஒன், பத்து வருஷ அனுமதி முடிந்து புதுப்பிக்கக் கேட்டது. 2022 ஜனவரி 31 அன்று ஒன்றிய அரசு மறுத்தது. பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை என்பது காரணம். ஏன் கிடைக்கவில்லை? அதை நிறுவனத்திடம் சொல்லவில்லை, மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தார்கள். கேரள உயர் நீதிமன்றத்தின் இரண்டு அமர்வுகளும் அந்த உறையைப் பார்த்துவிட்டு மறுப்பைச் சரி என்றன. தன்மீது என்ன குற்றம் என்றே தெரியாதவர் எப்படிப் பதில் சொல்லுவார்? 2023 ஏப்ரல் 5இல் உச்ச நீதிமன்றம் மறுப்பை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்ற காரணத்தை ஆதாரமில்லாமல் சொல்ல முடியாது, அரசை விமர்சிப்பது அரசமைப்புக்கு எதிரானது ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. மற்ற நாடுகளின் ஒளிபரப்பாளர்களும் படித்துவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது.

எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டுவிட்டால் அரசியல் ஒழிந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. பொருளியல் அறிஞர் ரொனால்ட் கோஸ் 1959இலேயே இதை முன்வைத்தார். எஃப்.சி.சி.யின் முன் சாட்சி சொல்லப் போனபோது, இதெல்லாம் தமாஷா என்று ஆணையர் ஒருவர் கேட்டதாகப் பதிவு இருக்கிறது. 1994 முதல் அதே ஆணையம் அலைக்கற்றையை ஏலம் விடுகிறது. லஞ்சத்தைக் குறைக்க ஏலம் உதவும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நல்ல நிலையம் கிடைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. பிரிட்டனில் 1991இல் ஐ.டி.வி. என்ற தனியார் தொலைக்காட்சி வலைப்பின்னலின் வட்டார உரிமங்களை ஏலம் விட்டபோது, லண்டனின் தேம்ஸ் தொலைக்காட்சி குறைவாகக் கேட்டதால் வெளியேறியது. மத்திய இங்கிலாந்தின் நிறுவனமோ போட்டிக்கு ஆளில்லாததால் வருஷத்துக்கு வெறும் 2,000 பவுண்டுக்கு உரிமத்தைத் தக்கவைத்துக்கொண்டது. ஏலம் கேட்கப் பணம் இல்லாத சமூக வானொலிகள், பல்கலைக்கழகங்கள், சிறுபான்மை மொழிக்காரர்கள் எங்கே போவது என்ற கேள்விக்கும் ஏலத்தில் பதில் இல்லை.

கையில் உரிமம் இருந்தும் அலைவரிசை இல்லாத கொடுமையும் நடந்திருக்கிறது. இத்தாலியில் 'சென்ட்ரோ யூரோப்பா 7' என்ற நிறுவனத்துக்கு 1999இல் நாடு முழுக்க ஒளிபரப்ப உரிமம் கொடுத்தார்கள். ஒளிபரப்ப அலைவரிசை கொடுக்கவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பெரிய நிறுவனங்கள் எழுந்திருக்காதபடி இடைக்காலச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்து வருஷம் அந்த உரிமம் வெறும் காகிதமாகவே கிடந்தது. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு கோடி யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

சரி, என்னதான் வேண்டும் என்கிறேன்? இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல், கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், அலைகள் பொதுச்சொத்து என்றது. அரசின் ஏகபோகமும் வேண்டாம், தனியார் ஏகபோகமும் வேண்டாம், சுதந்திரமான ஒரு பொது அமைப்பின் கையில் கட்டுப்பாட்டைக் கொடுங்கள் என்றது. இவ்வளவு சரியாக இந்த விஷயத்தைச் சொன்ன தீர்ப்புகள் குறைவு. அந்த அமைப்பு இன்னும் வரவில்லை, அனுமதி அமைச்சகத்திடமே இருக்கிறது. இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் கூடாது, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். தனியார் தொலைக்காட்சி நாள் முழுக்கச் செய்தி சொல்கிற நாட்டில் இந்தத் தடையை நியாயப்படுத்த எந்த இயற்பியல் காரணமும் இல்லை.

உரிமக் காலம் முதலீட்டைத் திரும்ப எடுக்கும் அளவு நீளமாக இருக்கட்டும். அது ஒரு தேர்தலோடு சேர்ந்து முடியும்படி அமையாமல் இருக்கட்டும். புதுப்பித்தல் இயல்பாக நடக்கட்டும், மறுப்பது விதிவிலக்காக இருக்கட்டும். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில், சம்பந்தப்பட்டவரிடம், தேதி முடிவதற்கு வெகு முன்பே சொல்ல வேண்டும். கேட்பவர்களும் பார்ப்பவர்களும் எழுந்து பேச இடம் வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை ஒளிபரப்பு தொடர வேண்டும். இதில் கடைசி நிபந்தனைதான் எனக்கு மிக முக்கியம். ஒரு நிலையம் மூன்று மாதம் மௌனமாக இருந்தாலே விளம்பரதாரர்கள் போய்விடுவார்கள், செய்தியாளர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். வருஷக்கணக்காகி வரும் தீர்ப்பில் வெற்றி கிடைத்தாலும், திரும்பி வர அங்கே நிலையம் இருக்காது.

அப்புறம், இப்போது நாடு நாடாக இன்னொரு முயற்சி நடக்கிறது. இணைய வழிக் காணொளிச் சேனல்களையும் ஒலிபரப்புச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். இந்தியாவிலும் 2023 நவம்பரில் அப்படி ஒரு வரைவு மசோதா வந்தது. அலைகள் மோதும், 96 தடத்தில் 700 நிலையம் உட்கார முடியாது என்பதுதான் உரிமத்துக்கு இருந்த ஒரே நேர்மையான காரணம். இணையத்தில் ஒருவர் பேசுவதால் இன்னொருவரின் குரல் அமுங்காது, விசிலும் வராது. அவதூறுக்கும் மோசடிக்கும் வன்முறைத் தூண்டலுக்கும் எல்லா நாட்டிலும் ஏற்கெனவே சட்டங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து நீதிமன்றத்துக்குப் போகட்டும். இணையத்தில் அரசிடம் பதிவு செய்துகொண்டுதான் பேச வேண்டும், இன்ன தேதிக்குள் புதுப்பித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டம் வந்தாலும், அதை எதிர்க்கும் பக்கத்தில்தான் நான் இருப்பேன்.